கார் மேல் எதைக் கட்டலாம், எதில் கட்டலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையிலிருந்து அம்பாசமுத்திரம் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்குப் பொங்கல், தீபாவளி, மே மாத விடுமுறை என்று வருடத்தில் மூன்று தடவை காரில் போய் வருகிறோம். ஒரு பக்கம் 650 கிலோமீட்டர். அம்மா, நாங்கள் இரண்டு பேர், இரண்டு பிள்ளைகள். கயிறு போட்டுக் கட்டும் இரும்புக் கேரியர், துணிப் பை, மூடி வைத்த பெட்டி என்று மூன்றையும் இதுவரை பயன்படுத்திவிட்டோம். விடுமுறை நெருங்கினால் சொந்தக்காரர்களும் அலுவலக நண்பர்களும் இதைப் பற்றித்தான் கேட்கிறார்கள். அவர்கள் கேட்டவற்றையும் நான் சொன்னவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

முதலில், கேரியர் வாங்கத்தான் வேண்டுமா?

எல்லோருக்கும் தேவையில்லை. ஐந்து பேர் கார், நான்கு பேர் பயணம் என்றால் டிக்கியே பெரும்பாலும் போதும். சிக்கல் இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்று, ஏழு பேர் கார். மூன்றாவது வரிசையில் ஆள் உட்கார்ந்துவிட்டால் டிக்கி என்று ஒன்று இருக்காது. ரெனோ ட்ரைபர் காரில் ஏழு சீட்டும் விரித்திருந்தால் பின்னால் மிஞ்சுவது 84 லிட்டர் இடம்தான். மூன்றாவது வரிசையைக் கழற்றினால் அதே கார் 625 லிட்டர் தருகிறது. எர்டிகாவில் எல்லா சீட்டும் இருக்கும்போது 209 லிட்டர். இரண்டு நடுத்தர சூட்கேஸ் வைத்ததும் அது முடிந்துவிடும். இன்னொன்று சிஎன்ஜி கார். பல மாடல்களில் டிக்கியின் பெரும்பகுதியை சிலிண்டரே எடுத்துக்கொள்கிறது. வாடகைக் கார்கள் பலவற்றின் மேல் கேரியர் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வருடத்துக்கு ஒரே ஒரு பயணம்தான், அதுவும் ஊரிலிருந்து அரிசி கொண்டுவருவதற்காகத்தான் என்றால் கேரியர் வாங்காதீர்கள். மூட்டையை லாரி பார்சல் சர்வீஸில் போட்டுவிடுங்கள். காருக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது.

கார் மேல் எவ்வளவு எடை வைக்கலாம்?

மற்ற எல்லாவற்றையும் விட இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். ஆனால் கடைக்குப் போகிறவர்கள் பெட்டி எத்தனை லிட்டர், என்ன நிறம் என்றுதான் கேட்கிறார்கள்.

கார் வாங்கும்போது கொடுத்த கையேட்டை எடுங்கள். கூரைமேல் ஏற்றக்கூடிய அதிகபட்ச எடை அதில் இருக்கும். பல குடும்பக் கார்களுக்கு அது 50 முதல் 75 கிலோவுக்குள் வரும். சில கார்களுக்கு மேலே எதுவும் ஏற்றக்கூடாது என்றே போட்டிருக்கும். அந்த எண்ணில் சாமான் மட்டும் சேராது. கூரைக்குக் குறுக்கே போடும் கம்பி (கிராஸ் பார்), பெட்டி, கயிறு, தார்ப்பாய் எல்லாம் சேரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். உங்கள் காரின் எல்லை 50 கிலோ. கிராஸ் பார் இரண்டும் சேர்ந்து 5 கிலோ. நடுத்தர அளவு பெட்டி 18 கிலோ. மிச்சம் 27 கிலோ. ஒரு அரிசி சிப்பத்தின் எடை அது! நானூறு லிட்டர் பெட்டி வாங்கியிருக்கிறோமே என்று அதை நிரப்பினால் 60 கிலோவைச் சர்வசாதாரணமாகத் தாண்டிவிடும். அதே காருக்கு 4 கிலோ எடையுள்ள துணிப் பை போட்டால் சாமானுக்கு 41 கிலோ கிடைக்கும். பெட்டியா பையா என்ற கேள்விக்குப் பாதி பதில் இந்தக் கழித்தலிலேயே வந்துவிடுகிறது.

"இந்தக் கூரைமேல் நாலு பேர் ஏறி நின்றாலும் தாங்கும்" என்று ஒரு கடையில் என்னிடமே சொன்னார்கள். நிற்கும் கார் தாங்கலாம். கையேட்டில் இருப்பது ஓடும் காருக்கான எண். திடீரென்று பிரேக் பிடிக்கும்போதும், நாய் குறுக்கே வந்து நாம் ஸ்டீயரிங்கை ஒடிக்கும்போதும் மேலே இருக்கும் எடை காரையே ஒரு பக்கம் இழுக்கும். அந்த நேரத்துக்காகப் போட்ட எல்லை அது.

அப்புறம், காரின் மொத்த எடைக்கும் ஓர் எல்லை உண்டு. சராசரியாக 65 கிலோ என்று வைத்தால் ஏழு பேருக்கே 455 கிலோ ஆகிவிடுகிறது. மேலே 50 கிலோ இடம் இருந்தாலும், ஆளும் டிக்கியும் சேர்ந்து அந்த மொத்தத்தை ஏற்கெனவே தொட்டிருந்தால் மேலே வைக்க ஒன்றுமில்லை.

வீட்டில் எப்படி எடை பார்ப்பது?

ஏறி நின்று பார்க்கும் எடை மெஷின் போதும். பையோடு ஒரு முறை, பை இல்லாமல் ஒரு முறை நின்று கழித்துக்கொள்ளுங்கள். விமானப் பயணத்துக்கு வாங்கிய தொங்கு தராசு இருந்தால் இன்னும் சுலபம்.

ரூஃப் ரெயில் இருக்கிறதே, அதிலேயே கட்டிவிடலாமா?

கூரையின் இரண்டு ஓரத்திலும் நீளவாக்கில் ஓடும் கம்பிதான் ரூஃப் ரெயில். ஆனால் இருப்பதெல்லாம் ரெயில் இல்லை. பல கார்களில் அது வெறும் அழகுக்கு ஒட்டிய பிளாஸ்டிக். உண்மையான ரெயில் கூரையின் உலோகத்தோடு போல்ட் போட்டு இறுக்கப்பட்டிருக்கும். பார்வையில் இரண்டும் ஒன்றுபோல இருப்பதால் கையால் ஆட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். கையேட்டைப் பாருங்கள், இல்லையென்றால் சர்வீஸ் சென்டரில் எழுத்தில் கேளுங்கள். ட்ரைபரின் ரூஃப் ரெயில் 50 கிலோ தாங்கும் என்று ரெனோ நிறுவனமே சொல்கிறது. அப்படி எடையோடு சொல்லப்பட்டிருந்தால்தான் அது சுமை தாங்கும் ரெயில். எடை எதுவும் சொல்லவில்லை என்றால் அலங்காரம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

உண்மையான ரெயிலாக இருந்தாலும் அதில் நேரடியாகக் கட்டக்கூடாது. இரண்டு ரெயிலுக்கும் குறுக்கே கிராஸ் பார் போட்டு, அதன்மேல்தான் பெட்டியோ பையோ வர வேண்டும்.

ரெயிலே இல்லாத காருக்கு?

கதவுக்கு மேலே இருக்கும் விளிம்பில் கவ்விப் பிடிக்கும் கிராஸ் பார் கிடைக்கிறது. ஆனால் கூரையின் வளைவு மாடலுக்கு மாடல் மாறும். உங்கள் காரின் மாடல், வருடம் இரண்டையும் சொல்லி அதற்கென்றே செய்த கவ்வியை வாங்குங்கள். "எல்லாக் காருக்கும் சேரும்" என்பதை நான் வாங்க மாட்டேன். கவ்வி சரியாக உட்காராவிட்டால் கதவு ரப்பர் நசுங்கி, மழைத் தண்ணீர் உள்ளே வரும்.

ஆம்னி, சுமோ போன்ற பழைய வண்டிகளில் கூரை ஓரமாக மழைத்தண்ணீர் ஓடும் காடி இருக்கும். கேரியரின் கால் அதில் உட்கார்ந்துகொள்ளும். அம்பாசடர் காலத்திலிருந்து நம் ஊரில் பார்த்த கேரியர் அதுதான். இன்றைய கார்களில் அந்தக் காடி இல்லை. அதனால்தான் அப்பா காலத்துக் கேரியரை எடுத்துப் புதுக் காரில் மாட்ட முடிவதில்லை.

கூரையில் ஓட்டை போட்டுக் கேரியர் பொருத்தித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேண்டாம் என்று வந்துவிடுங்கள். துருவும் ஒழுக்கும் அந்த ஓட்டையில்தான் தொடங்கும்.

சரி, இரும்புக் கேரியரா, பையா, பெட்டியா?

இரும்புக் கேரியரில் எந்த வடிவச் சாமானையும் வைக்கலாம். மடக்குக் கட்டில், பிள்ளையின் சைக்கிள், வாழைத்தார் எதுவானாலும் கட்டிவிடலாம். விலையும் குறைவு. ஆனால் அதுவே 15, 20 கிலோ இருக்கும். எல்லாவற்றையும் நாமே மூடி நாமே கட்ட வேண்டும். காற்றில் சத்தம் போடும். அனுபவமுள்ள கை கட்டினால் மட்டுமே நம்பலாம். வாடகை வண்டி டிரைவர்களுக்கு அது தினசரி வேலை. வருடத்துக்கு மூன்று தடவை கட்டுகிறவருக்கு அந்தக் கை வராது.

துணிப் பை என்பது தடித்த, தண்ணீர் இறங்காத துணியில் தைத்த பெரிய பை. ஜிப்புக்கு மேலே மூடும் மடிப்பு இருக்கும். மடித்தால் அலமாரியில் வைத்துவிடலாம், எடையும் குறைவு. குறையென்றால் பூட்டு இல்லை. பாதி காலியாக இருந்தால் காற்றில் படபடவென்று அடித்து, கூரைப் பெயிண்டைத் தேய்த்துவிடும். அடியில் விரிப்பு போட்டே ஆக வேண்டும். ரப்பர் மேட் போட்டாலும் முதலில் கூரையைக் கழுவித் துடைத்துவிடுங்கள். விரிப்புக்கும் பெயிண்டுக்கும் நடுவே மாட்டும் மணல்தான் கோடு போடுகிறது.

பெட்டி வசதியானது, அதில் சந்தேகமே இல்லை. பூட்டலாம், மழை இறங்காது, திறந்து வைத்து மூடினால் வேலை முடிந்தது. காற்றை வெட்டும் வடிவம் என்பதால் இரும்புக் கேரியரை விடச் சத்தமும் குறைவு. விலை அதிகம். தூலே போன்ற வெளிநாட்டுப் பெட்டி என்றால் இன்னும் அதிகம். பயணம் இல்லாத நாளில் எங்கே வைப்பது என்பது அடுக்குமாடிக் குடியிருப்பில் பெரிய கேள்வி. கிட்டத்தட்ட ஓர் ஆள் உயரப் பொருள் அது.

என் தீர்ப்பு: வருடத்துக்கு மூன்று பயணத்துக்குக் கீழே என்றால் நல்ல கிராஸ் பாரும் துணிப் பையும். அதற்கு மேலே போகிறீர்கள், வைக்க இடமும் இருக்கிறது, கூரை 75 கிலோ தாங்கும் என்றால் பெட்டி. பணத்தை மிச்சம் பிடிப்பதாக இருந்தால் பையில் பிடியுங்கள், பாரில் பிடிக்காதீர்கள். பை கிழிந்தால் துணி நனையும். பார் கழன்றால் பின்னால் பைக்கில் வருகிறவர் மேல் விழும்.

எதை மேலே வைப்பது, எதை உள்ளே வைப்பது?

இடத்தை அடைப்பது மேலே, எடை போடுவது கீழே. தலையணை, போர்வை, ஸ்வெட்டர், துணிமணி வைத்த பைகள், பிள்ளைகளின் பந்து, மட்டை, மடக்கு வண்டி இவையெல்லாம் மேலே போகட்டும். தண்ணீர் கேன், அரிசி, எண்ணெய் டின், தேங்காய், புத்தகம் எல்லாம் டிக்கியில், பின் சீட்டின் முதுகோடு ஒட்டி, தரையில்.

போகும்போது இது எல்லோருக்கும் சரியாகவே வரும். திரும்பும்போதுதான் சிக்கல். சென்னையிலிருந்து கிளம்பும்போது துணியும் இனிப்புப் பெட்டியும்தான் இருக்கும். ஊரிலிருந்து கிளம்புகிற காலையில் பெரியம்மா ஒரு சாக்குத் தேங்காய், மாமா ஒரு சிப்பம் அரிசி, பக்கத்து வீட்டு ஆச்சி ஒரு பை முருங்கைக்காய் என்று கொண்டுவந்து கார் பக்கத்தில் வைப்பார்கள். வேண்டாம் என்று சொல்ல மனசு வராது, சொல்லவும் கூடாது. அந்த நேரத்தில் டிக்கி நிறைந்திருந்தால் கை தானாக மேலே போகும். ஒரு மே மாதம் நானும் அப்படித்தான் இரண்டு சாக்குத் தேங்காயை மேலே ஏற்றினேன். கோவில்பட்டி தாண்டி ஒரு வளைவில் கார் பக்கவாட்டில் சாய்ந்து மெதுவாக நிமிர்ந்தது. பின் சீட்டில் அம்மா கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்கள். ஓரமாக நிறுத்தி, சாக்கை இறக்கிப் பிள்ளைகளின் காலடியில் வைத்து, துணிமணி வைத்த பைகளை மேலே ஏற்றினோம். அரை மணி நேரம் போனது. அதற்கப்புறம் சென்னை வரை கார் பழையபடி ஓடியது.

அதனால் கேரியர் வாங்கும்போது திரும்பி வரும் சாமானை மனதில் வைத்துக் கணக்குப் போடுங்கள். ஊருக்குப் போகும்போதே டிக்கியில் வைக்கும் துணிகளைத் தனிப் பைகளில் அடுக்குங்கள்; திரும்பும்போது அவற்றை மேலே மாற்றிவிட்டுச் சாக்குக்கு இடம் விடலாம்.

மேலே வைக்கவே கூடாதவையும் உண்டு. கேஸ் சிலிண்டர், மண்ணெண்ணெய், வாசனை ஸ்ப்ரே, பவர் பேங்க். வெயிலில் மூடிய பெட்டிக்குள் சூடு ஏறும். அம்மாவின் இன்சுலினும் மருந்துகளும் கைப்பையில்தான். ஊறுகாய் ஜாடி மேலே ஒழுகினால் துணி அத்தனையும் போச்சு.

கட்டுவதில் என்ன கவனிக்க வேண்டும்?

நைலான் கயிறு இழுக்க இழுக்க நீளும், நனைந்தால் இன்னும் தளரும். அதற்குப் பதில் லாரிகளில் பயன்படுத்தும் ராட்செட் பெல்ட் வாங்குங்கள். அதன் கைப்பிடியை மேலும் கீழும் ஆட்டினால் பல் பல்லாக இறுகும். கொக்கி வைத்த ரப்பர் கயிறு மேலே போடும் வலையைப் பிடிக்கத்தான். எடையை அதை நம்பி விடக்கூடாது.

எடை அதிகமானதை இரண்டு பாருக்கும் நடுவில் வையுங்கள். பக்கத்தில், பின்னால், லேசானவை. பெல்ட்டின் மிச்ச நுனி காற்றில் அடித்துக்கொண்டே வராமல் சுருட்டிக் கட்டிவிடுங்கள். பெல்ட் தட்டையாக இருந்தால் நெடுஞ்சாலையில் 'ம்ம்ம்' என்று ஒரு ரீங்காரம் வரும். இரண்டு முறுக்கு முறுக்கிவிட்டுக் கட்டினால் நின்றுவிடும்.

கிளம்பி 20, 25 கிலோமீட்டரில் ஒரு முறை நிறுத்தி, எல்லாப் பெல்ட்டையும் கையால் இழுத்துப் பாருங்கள். சாமான் குலுங்கி அமர்ந்து, முதல் தளர்வு அதற்குள் வந்துவிடும். நாங்கள் வழக்கமாகச் செங்கல்பட்டுக்கு முன்னாலேயே பார்த்துவிடுவோம். அப்புறம் டீ குடிக்க நிறுத்தும் இடத்திலெல்லாம் ஒரு தடவை. டயர் காற்றையும் முழுச் சுமைக்கான அளவுக்கு ஏற்றிக்கொள்ளுங்கள். பெரும்பாலும் டிரைவர் கதவுச் சட்டத்தில் ஸ்டிக்கரிலேயே இருக்கும்.

மழை வந்தால்?

தீபாவளி வருவதே வடகிழக்குப் பருவமழை நேரத்தில்தான், ஆகவே வரும் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஓடும் காரில் மழை மேலிருந்து விழாது. முன்னாலிருந்து பீய்ச்சி அடிக்கும். 'வாட்டர்ப்ரூஃப்' என்று எழுதிய பையிலும் ஜிப் வழியே உறிஞ்சும். எனவே ஜிப் பக்கம் பின்னால் வரும்படி பையை வையுங்கள். உள்ளே ஒவ்வொரு துணிக் கட்டையும் தனியாகப் பெரிய பிளாஸ்டிக் பையில் போட்டு வாயைக் கட்டிவிட்டால், வெளிப்பை நனைந்தாலும் கவலையில்லை. இரும்புக் கேரியர் என்றால் தார்ப்பாயை சாமானுக்கு அடியிலும் ஒரு சுற்று விட்டு, முன்பக்க மடிப்பு கீழ்நோக்கி இருக்கும்படி மூடுங்கள்.

மலைப்பாதையில் கேரியரோடு போகலாமா?

போகலாம், பாதி எடையோடு. ஏற்காடு ஏறினால் 20 கொண்டை ஊசி வளைவு, வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. ஒவ்வொரு வளைவிலும் மேலே இருக்கும் எடை காரை வெளிப்பக்கம் தள்ளும். பின் சீட்டில் பிள்ளைகளுக்கு வாந்தி வருவதும் கூடும். இறங்கும்போது கீழ் கியரில் மெதுவாக வாருங்கள். ஓரத்து மரக்கிளை கூரைக்கு மேலே தட்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இன்னொன்று, குரங்கு. மலையடிவாரத்திலும் வியூ பாயிண்டுகளிலும் காரை நிறுத்திவிட்டு நகர்ந்தால் துணிப் பையை ஒரு நிமிடத்தில் பிரித்துவிடும். கொடைக்கானல் போகிற வழியில் ஒரு குட்டி ஜிப்பின் வாலைப் பிடித்து இழுத்ததை என் மகள் கார் கண்ணாடி வழியே பார்த்துக் கத்தினாள். உள்ளே தின்பண்டம் எதுவும் இல்லாததால் ஒரு துண்டை மட்டும் எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. மலைக்குப் போகிறவர்கள் பையில் முறுக்கு, பழம் எதுவும் வைக்காதீர்கள்.

மைலேஜ் எவ்வளவு குறையும்?

அமெரிக்க எரிசக்தித் துறை தரும் கணக்குப்படி பெரிய கூரைப் பெட்டி ஊருக்குள் 2 முதல் 8 சதவீதமும், நெடுஞ்சாலையில் 6 முதல் 17 சதவீதமும், மணிக்கு 105–120 கிலோமீட்டர் வேகத்தில் 10 முதல் 25 சதவீதமும் மைலேஜைக் குறைக்கிறது. என் காரில் லிட்டருக்கு 16 வந்தது 14 ஆனது. போக வர 1,300 கிலோமீட்டருக்கு 12 லிட்டர் கூடுதல். பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்தால் 1,200 ரூபாய்.

வேகம்தான் இதில் பெரிய ஆள். 80-லிருந்து 100-க்குப் போனால் காற்றின் தடை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆகிறது. நான் 80-ஐத் தாண்டுவதில்லை. பிரேக் பிடிக்கவும் அதுதான் நல்லது.

உயரம் இடிக்குமா?

இடிக்கும். எர்டிகாவின் உயரம் 1,690 மில்லிமீட்டர். பாரும் பெட்டியும் சேர்ந்து 45 சென்டிமீட்டர் ஏறினால் 2.14 மீட்டர். இன்னோவா கிரிஸ்டா 1,795. அதன்மேல் வைத்தால் 2.2 மீட்டரைத் தாண்டிவிடும். பல வணிக வளாகங்களின் கீழ்த்தள பார்க்கிங்கில் 2.1 மீட்டர் என்று பலகை தொங்குகிறது. பெட்டியோடு சேர்த்து டேப் வைத்து அளந்து, அந்த எண்ணை ஸ்டீயரிங் பக்கத்தில் ஒட்டி வையுங்கள். மூன்று மணி நேரம் ஓட்டிய பிறகு மேலே பெட்டி இருப்பதே மறந்துபோகும்.

போலீஸ் பிடிப்பார்களா?

சாமான் கார் உடம்பைத் தாண்டிப் பக்கவாட்டிலோ முன்னாலோ பின்னாலோ நீட்டிக்கொண்டிருந்தாலும், அனுமதித்த உயரத்தைத் தாண்டினாலும் மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 194(1ஏ) படி 20,000 ரூபாய் அபராதம். இறக்கும் செலவும் நம் தலையில். பதிவுச் சான்றில் உள்ள விவரங்களிலிருந்து மாறுபடும்படி காரை மாற்றியமைப்பதைப் பிரிவு 52 தடுக்கிறது. நிரந்தரமாக வெல்டிங் வைப்பதையோ கூரையைத் துளைப்பதையோ நான் வேண்டாம் என்பதற்கு இதுவும் காரணம். கார் நிறுவனமே தன் உதிரிப்பொருள் பட்டியலில் விற்கும், கழற்றி மாட்டும் வகைக்குப் போங்கள், பில்லைக் காரில் வையுங்கள்.

சன்ரூஃப் உள்ள கார்?

பார் போட்டபின் அதைத் திறக்காதீர்கள். கூரை முழுக்கக் கண்ணாடி என்றால் கேரியர் போடலாமா என்பதையே கையேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டியை வைத்ததும் டிக்கிக் கதவை மெல்லத் தூக்கிப் பார்ப்பதும் முக்கியம். பெட்டியின் பின்நுனியிலோ ஆன்டெனாவிலோ இடித்தால் பெட்டியை ஒரு சாண் முன்னால் தள்ள வேண்டும்.

வருடம் முழுக்கக் கேரியரை மேலேயே விட்டுவிடலாமா?

வேண்டாம். காலிக் கேரியரும் பெட்ரோல் குடிக்கும். வெயிலில் ரப்பர் வெடிக்கும், ஸ்க்ரூ துருப்பிடிக்கும். வீடு திரும்பிய வாரத்திலேயே கழற்றித் துடைத்து, ஸ்க்ரூக்களையும் அறுகோணச் சாவியையும் ஒரு சின்ன துணிப்பையில் கட்டி வையுங்கள். பயணத்தின்போது அந்தப் பை டேஷ்போர்டு அறையில் இருக்கட்டும். டிக்கியில், ஸ்டெப்னிக்கு அடியில் போட்டுவிட்டால், நடுவழியில் ஒரு பார் ஆடும்போது அத்தனை சாமானையும் ரோட்டில் இறக்கித்தான் எடுக்க வேண்டியிருக்கும்.